கீழ் போல் ஜொயின்ற்

எங்கட 1999 ஜீப் செரோக்கியின்ர ஸ்டியரிங் ஒரு மாதமா ஆட்டம். யக் அடிச்சு முன்சில்லைத் தூக்கி, மகளை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டச் சொல்லிப்போட்டு நான் கீழ படுத்துப் பார்த்தன். பெயரிங் இல்லை, கீழ் போல் ஜொயின்ற்தான். கனடா றோட்டு உப்புக்கு ரப்பர் உறை வெடிச்சு, கிறீசும் போய், ஒரே கறள்.

அவள் ஒவ்வொரு நாளும் 401 நெடுஞ்சாலையில வேலைக்கு ஓடுறவள். சில்லு மடங்கினால்?

பிரேக், பெயரிங், அக்ஸில் கழட்டவே அரைநாள். பிறகுதான் சண்டை. ரண்டு நட்டையும் முழுதாக் கழட்டாமல் நாலு புரி விட்டிட்டு, ஜொயின்ற்றுக்கு இல்லை, அதைப் பிடிச்சிருக்கிற இரும்பின்ர பக்கத்தில சுத்தியலால அடிக்கவேணும். அடிச்சு அடிச்சுக் கை விட்டுப்போக, 'டக்' எண்டு விட்டுது. இரவல் பிறெஸ்ஸால பழசைத் தள்ளிப் புதுசை ஏத்தினன்.

தடைக் காலத்தில சாமான் இல்லாமல் சித்தப்பா தேய்ஞ்ச மூட்டுக்குள்ள தோல் துண்டு வைச்சு ஓடினவர், அதுவும் மண்ணெண்ணெயில. 1995 ஒக்ரோபர் 30 இரவு அந்தக் காரிலதான் நாவற்குழிப் பாலம் கடந்தனாங்கள். சனத்துக்குள்ள ஊர்ந்தபடியால் ஒண்டும் கழரேல்லை. 401இல அப்பிடி ஊரேலாது பாருங்கோ.

கொட்டர் பின்னை வளைச்சுப் பூட்டினன். காலமை மகள் கொண்டுபோனவள். போய்ச் சேர்ந்ததும் போன் அடிக்கச் சொன்னனான். அடிச்சவள்.