நீலக் கோட்டு

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நான், 1999இல் இரண்டு பிள்ளைகளோடு ரொறன்ரோவில் அண்ணா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். புரட்டாதி மாதம். குளிர் தொடங்குமுன் உடுப்பு வாங்க வேண்டுமென்று அண்ணி எங்களை ஈட்டன்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா.

"கடையை மூடப் போகினம், எல்லாம் மலிவாப் போகுது. கெதியா எடுங்கோ" என்றா.

1869இல் சின்னக் கடையாகத் தொடங்கியது ஈட்டன்ஸ். பேரம் இல்லாத ஒரே விலை, பிடிக்காவிட்டால் காசு திரும்பக் கிடைக்கும் என்ற வாக்கு, தபாலில் வீடு தேடிப் போன விலைப் புத்தகம் என்று நாடு முழுவதும் பரவிய கடை. அந்த ஆவணியில் வங்குரோத்தாகிவிட்டது.

காசு கட்டும் இடத்தில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரு கடைக்காகவா அழுகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? நீலக் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நானும் அப்படியொரு பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். துவாய், படுக்கை விரிப்புப் பகுதி. வருகிறவர்கள் குலைப்பார்கள், நான் மடிப்பேன். என் ஆங்கிலம் அங்கேதான் வந்தது. என் பெயரில் முதன்முதலாகச் சம்பளக் காசோலை வந்ததும் அங்கேதான். கணவனை இழந்தவள் என்று அங்கே யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை.

பத்து வருடங்களுக்கு மேல் நின்றேன். வியாபாரம் குறைவது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். மடிக்க ஒன்றும் இராது. 1994இல் கனடாவுக்கு வந்த வோல்மார்ட்டில் எல்லாம் மலிவு. பிறகு இளம்பிள்ளைகள் இணையத்தில் வாங்கப் பழகிவிட்டார்கள். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கடன்பட்டே எங்கள் கடையை நடத்தினார்கள். பழுதான நகரும் படியைத் திருத்தக்கூடக் காசில்லை.

மூடியபோது வேலை இழப்புக் கொடுப்பனவாக ஒரு சதமும் கடை தரவில்லை. கடை வங்குரோத்தானால், பிணை எழுதிக் கடன் கொடுத்தவர்கள்தான் வரிசையில் முன்னுக்கு நிற்பார்கள். அந்தக் கொடுப்பனவுக்குக் காத்திருக்கும் நாங்கள் பின்னுக்கு. இப்படியானவர்களுக்கு 2008 முதல் அரசாங்கத்தின் ஊதியப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருப்பதே ஒரு சிநேகிதி சொல்லித்தான் தெரியும். விண்ணப்பித்தேன், கொஞ்சம் கிடைத்தது. கடைசி நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அழுகை அடங்கவில்லை. ஈட்டன்ஸில் கண்ட அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் நின்றது.

2025இல் ஹட்சன்ஸ் பேயின் முறை. மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக 1670இல் ஆங்கில அரசரின் பட்டயத்தோடு தொடங்கிய கம்பனி. யூன் 1ஆம் திகதியோடு 80 கடைகளும் மூடப்பட்டன. 8,000க்கும் அதிகமானோர் வேலை இழந்தனர். பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடுகள் போட்ட அவர்களுடைய கம்பளிப் போர்வை பேர்போனது. அந்தக் கோடுகளும் கடையின் பெயரும் 3 கோடி டொலருக்கு கனேடியன் ரயர் நிறுவனத்திடம் போயின.

மூடுவதற்குச் சில நாட்கள் முன்பு ஸ்காபரோவில் இருந்த அவர்களுடைய கடைக்குப் போனேன். தட்டு, கண்ணாடி, உடுப்புப் பொம்மை எல்லாவற்றிலும் விலைத்துண்டு. என் வயதுப் பெண் ஒருத்தி, மிஞ்சிக் கிடந்த துவாய்களை ஓரம் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். இனி மடித்தென்ன, விட்டென்ன. ஒரு துவாய் வாங்கினேன். அந்த ஊதியத் திட்டம் பற்றித் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன். தெரியாது என்றாள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.