லுவார் கழிமுகத்து மதுவும் எங்கள் ஊர்க் கலயமும்

முஸ்காதே என்கிற வெள்ளை மதுவைக் கடல் உணவில்லாமல் என்னால் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை. பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு அட்லாண்டிக்கில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது நாந்த் நகரம். அதன் தென்கிழக்கில், செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகளை ஒட்டி இந்தத் திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மது வெளிறிய நிறம். இனிப்பு துளியும் இல்லை. முதல் மிடறில் எலுமிச்சைத் தோலின் கூர்மை. பிறகு மழை நனைத்த கல்லின் வாசம். கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கரிப்பு. பிழைப்புக்காக அங்கே இருந்த காலத்தில் பழகிய சுவை அது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரான புதியம்புத்தூருக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை.

அந்தத் திராட்சைக்கு மெலோன் என்று பெயர். பர்கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. 1709-ஆம் ஆண்டின் கொடும்பனியில் பழைய கொடிகள் கருகிப்போக, குளிர் தாங்கும் இந்த ரகத்தை அங்கே பரவலாக நட்டார்கள். தனியாகப் பார்த்தால் அடக்கமான திராட்சைதான், பெரிய மணம் கிடையாது. அதற்கு ஆழம் தருவது வண்டல். நொதித்து முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட்டை வடித்து எறியாமல், குளிர்காலம் முழுக்க மதுவை அதன் மேலேயே விட்டுவைக்கிறார்கள். வசந்தத்தில் அதே நிலவறையிலிருந்து நேராகப் பாட்டிலுக்குப் போகிறது. அதனால்தான் வாயில் ஒரு குழைவும், நாக்கில் குத்தியும் குத்தாமலும் ஒரு சின்னத் துடிப்பும்.

அங்கே சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கீ பொசார் என்ற விவசாயி 1970-களிலேயே ரசாயனம் இல்லாத சாகுபடிக்கு மாறினார். ஜோ லாண்ட்ரோன் தன் மது ஒன்றுக்குத் தோட்டத்தின் அடியில் கிடக்கும் ஆம்ஃபிபோலைட் பாறையின் பெயரையே வைத்தார். 2020-இல் பிரான்சில் இயற்கை மதுவுக்கென ஒரு விதிமுறை வந்தது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற திராட்சையைக் கையால் பறிக்க வேண்டும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்கக் கூடாது. சல்ஃபைட் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழத்தோலிலும் நிலவறைக் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டே வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

நாந்தின் தலான்சாக் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆளி விற்பார்கள். பூர்ன்யூஃப் வளைகுடாவில் வளர்ந்தவை. கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகித் திருப்பினால் உள்ளே சதையும் கடல்நீரும். கம்பு மாவின் நிறத்தில் ஒரு ரொட்டி, கெராந்த் உப்பளத்து உப்புக் கலந்த வெண்ணெய், ஒரு கோப்பை முஸ்காதே. மது, ஆளி, உப்பு மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பிறந்தவை. பேரன் பேத்திகளோடு வந்த பெரியவர்கள் அளவாகக் குடித்துவிட்டு, காய்கறிப் பையோடு வீட்டுக்கு நடப்பார்கள். யாரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நான் ஏங்குவது அந்தச் சுவைக்கு மட்டும் இல்லை, அந்த மேசைக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊரில் காலையிலிருந்து தையல் மெஷின் சத்தம். ரெடிமேட் துணிக்குப் பெயர்போன ஊர். சுற்றிலும் கரிசல்: உளுந்து, பாசி, பருத்தி, வத்தல். ஆனால் கடல் தூரமில்லை. தருவைகுளத்து மீன் வெயில் ஏறுவதற்குள் தெருவுக்கு வந்துவிடும். விளமீன் குழம்பு கொதிக்கும்போதும், நண்டை உடைக்கும்போதும் எனக்கு அந்த மதுவின் நினைப்பு வருகிறது. சல்ஃபைட் குறைந்த அந்த மது நம் வெயிலில் நெடும்பயணம் தாங்காது. அது பிறந்த இடத்துக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும்.

ஆனால் அதன் உறவுக்காரன் ஒருவன் இங்கேயே நிற்கிறான். பனையேறியான என் தாத்தா சொல்வார்: "கலயத்துல சுண்ணாம்பு பூசலைன்னா அது பாட்டுக்குப் புளிச்சிரும்யா. நாம ஒண்ணுஞ் செய்யாண்டாம்." சுண்ணாம்பு பூசினால் பதநீர், பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள். பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் அதைச் செய்கிறது. பிரான்சில் விதிமுறை எழுதிக் காக்கிற அதே வித்தை, பனையேறிகளின் அன்றாடம். முஸ்காதேயில் ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம். கள்ளில் ஐந்தை ஒட்டித்தான்.

1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆலையில் காய்ச்சிய எரிசாராயத்தில் செய்த பிராந்தியும் ரம்மும் அரசுக் கடையிலேயே விற்கின்றன. குடியால் நொந்த வீடுகளை இந்தத் தெருக்களில் நானும் பார்த்திருக்கிறேன்; அந்த வலியை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடுகளைச் சாய்த்தது பனை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கள்ளுக்கடைகளில் மரச்சீனியும் மீன்கறியும் கள்ளும் ஒரே இலையில் சந்திக்கின்றன. இங்கே ஏறுகிறவர்கள் குறையக் குறைய, மரங்கள் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நம் கரைக்குத் திராட்சை மதுவும் புதிதில்லை. கொற்கை பாண்டியரின் துறைமுகம். யவனர் கொண்டுவந்த மதுவைப் பருகி இனிதிருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. மது வந்த ஆம்ஃபோரா சாடிகளின் உடைந்த துண்டுகள் அழகன்குளத்தில் கிடைத்திருக்கின்றன. ஆளிக்கும் குறைவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் முத்து வளர்த்துக் காட்டியது எங்களுக்குப் பக்கத்து வேப்பலோடையில். அதே பத்தாண்டில் தூத்துக்குடியில் உண்ணும் ஆளியையும் வளர்த்தது. உப்புக்குக் கேட்கவே வேண்டாம், வடக்கே போகிற வழியெல்லாம் உப்பளம்தான்.

உப்பு, மீன், ஆளி, தானாகப் புளிக்கும் பானம் எல்லாம் இந்த ஒரு கரையில் இருக்கின்றன. அவற்றை ஒரே மேசையில் மரியாதையோடு உட்காரவைக்கும் மனம்தான் நம்மிடம் இல்லை. லாண்ட்ரோன் பாட்டிலில் பாறையின் பெயர் இருப்பதுபோல, ஒரு நாள் கள்ளுக் கலயத்திலும் வேம்பார் என்றோ உடன்குடி என்றோ ஊரின் பெயரும், ஏறியவரின் பெயரும் இருக்க வேண்டும். காலையில் இறக்கியதை மதியத்துக்குள், வறுத்த சாளையோடு, வெளிச்சத்தில் உட்கார்ந்து அளவாகக் குடிக்க வேண்டும். அதற்குச் சட்டமும் மாற வேண்டும், நம் கூச்சமும் போக வேண்டும். பனை இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.