பதிவேட்டில் இல்லாத குடும்பம்

தெப்பக்காட்டில் பிரியும் சாலை மசினகுடிக்குப் போகிறது. அந்தப் பக்கத்து விடுதிகள் பலவற்றைக் குடும்பங்களே நடத்தின. இரண்டு அறையில் தொடங்கி ரிசார்ட் வரை வளர்ந்த கதையை முதலாளிகள் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் கதையில் நாங்கள் இல்லை. விரிப்பு துவைத்ததும் கழிவறை கழுவியதும் எங்கள் அம்மாக்களும், பக்கத்து இருளர், குறும்பர் ஊர்ப் பெண்களும்தான். எல்லா அறைச் சாவியும் அவர்கள் கையில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே, எதுக்கு நோட்டு?" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் எங்களுக்கு மட்டும் தனி டம்ளர்.

2018 ஆகஸ்டில், யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்குச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 தீர்ப்பு வழித்தடத்தை உறுதி செய்தது. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஒரு குழுவையும் அமைத்தது. யானைக்கு வழி வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் உரிமையாளர்களிடம் காட்டப் பட்டா இருந்தது. வேலை செய்தோம் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஐந்து வருடம் தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடை தரும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. பத்துப் பேராவது வேலை செய்த இடத்துக்குத்தான் அது பொருந்தியது. நோட்டில் பெயரே ஏறாவிட்டால் பத்துப் பேரை எங்கே எண்ணுவது?

பரோடா விடுதியிலிருந்து அம்பேத்கர் விரட்டப்பட்டதைப் படித்திருப்பீர்கள். அது அறை மறுக்கப்பட்ட வரலாறு. அறையைக் கழுவியும் கணக்கில் வராமல் போனதும் நம் வரலாறுதான். தோழர்களே, ஆய்வுக்கு வரும்போது முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தப் பெண்களிடம் வருடத்தையும் கூலியையும் கேட்டு எழுதுங்கள்.