நின்னு போன கேம்ரியும் நாமக்கல் மாமாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. 2024 அக்டோபர்ல நடந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

என்கிட்ட இருக்கிறது 2001 மாடல் கேம்ரி. நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். எங்க டிபார்ட்மெண்ட் தமிழ்ப் பசங்களுக்கு இது பரம்பரைச் சொத்து மாதிரி. படிப்பு முடிச்சுட்டுப் போற சீனியர், புதுசா வர்ற ஜூனியருக்கு வித்துட்டுப் போவார். நான் அஞ்சாவது வாரிசு. விலை 1,900 டாலர். வாங்கும்போது ஏசி ஓடுதா, பாட்டு பாடுதான்னு பார்த்தேன். டெக்சஸ் வெயில்ல வேற என்னத்தைக் கேட்கத் தோணும்? டைமிங் பெல்ட்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு அப்போ தெரியாது.

ஒரு சனிக்கிழமை ஐ-35 நெடுஞ்சாலையில 65 மைல் வேகத்துல போய்க்கிட்டிருந்தேன். திடீர்னு எஞ்சின் அணைஞ்சு போச்சு. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஸ்டீயரிங் மட்டும் அம்மிக்கல் மாதிரி கனத்துப் போச்சு. எப்படியோ உருட்டி ஓரங்கட்டினேன். சாவியைத் திருகினா எஞ்சின் சுத்துது, ஆனா பிடிக்கலை.

இழுத்துட்டுப் போன கடையில ஒருத்தர் சாவியை ஒரே ஒரு தடவை திருகிப் பார்த்தார். "டைமிங் பெல்ட் போயிருச்சு. வால்வு எல்லாம் வளைஞ்சிருக்கும். பழைய எஞ்சின் ஒண்ணு மாத்த 2,800 டாலர். வேண்டாம்னா காயலான் விலைக்கு 300 தர்றேன்"னார். பானெட்டைக்கூடத் திறக்கலை.

இதுல இன்னொரு சங்கடம் இருந்துச்சு. டிசம்பர்ல காரை எடுத்துக்கிறேன்னு ஒரு ஜூனியர் 500 டாலர் முன்பணம் கொடுத்திருந்தான். அது ஏற்கெனவே என் வீட்டு வாடகையாப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. எதையாவது செஞ்சு ஓட வெச்சு, ஒண்ணும் சொல்லாம அவன் தலையில கட்டிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். பொய் சொல்லலை, நினைச்சேன்.

அப்புறம்தான் நாமக்கல் மாமா ஞாபகம் வந்தார். முப்பது வருஷமா லாரிப் பட்டறை. வாட்ஸப்ல கூப்பிட்டேன்.

"ஏன் மாப்ள, சாவியைத் திருகினா என்ன சத்தம் வருது? வண்டிகிட்டப் போயி போனைக் காட்டு."

மறுநாள் காலையில கடைக்குப் போய்க் காட்டினேன்.

"பம்பரமாட்டஞ் சுத்துது பாரு. சுத்துறப்போ விட்டு விட்டு ஒரு திணறல் வரோணும். அது இல்ல. கம்ப்ரெஷன் நிக்கல. ஆயில் ஊத்துற மூடியக் கழட்டிட்டு, ஆர வெச்சாவது சாவியத் திருகச் சொல்லு. உள்ள கேம் சுத்துதான்னு பாரு."

பார்த்தேன். அசையவே இல்லை.

"அப்பப் பெல்ட்டுத்தான். நம்ம லாரிக்கெல்லாம் கியரு, இந்த வம்பே இல்ல. ஆனா எல்லா எஞ்சின்லயும் வால்வு முட்டாது மாப்ள. உன்னுது முட்டற ரகமா, முட்டாத ரகமான்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. அதுக்கப்புறம் அழுவலாம்."

விஷயம் இதுதான். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். அந்தக் கணக்கைக் காப்பாத்துறது பெல்ட். நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரே ஒரு பாத்ரூம் மாதிரி. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கிடணும். முறை தவறினா சில எஞ்சின்ல ரெண்டும் மோதி வால்வு வளையும். சில எஞ்சின்ல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கும், மோதாது. தேடிப் பார்த்தா என் கேம்ரியோட 5எஸ்-எஃப்இ எஞ்சின் மோதாத ரகம்! அதே வருஷத்து சிவிக்கா இருந்திருந்தா அந்தக் கடைக்காரர் சொன்னது பலிச்சிருக்கும்.

லேப்ல கூட வேலை செய்யற மெக்சிகோ நண்பர் வீட்டு கராஜுக்கு வண்டியை இழுத்தோம். முன் வலது சக்கரத்தைக் கழட்டி, எஞ்சினுக்கு அடியில மரக்கட்டையோட ஜாக் கொடுத்து, வலது மவுண்ட்டை எடுத்து, கிராங்க் புல்லியைக் கழட்டவே அரை நாள் ஆச்சு. உள்ளே பார்த்தா பெல்ட் அறுந்திருக்கலை. கிராங்க் பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்குப் பல்லு எல்லாம் வழிச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. கேம் சீல்ல ஆயில் கசிஞ்சு ரப்பர் ஊறிப் போயிருந்தது.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், சீல்கள் எல்லாம் சேர்த்து 130 டாலர். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டுல சுத்துறதால இப்பவே மாத்திடுன்னு மாமா சொல்லிட்டார். கிராங்க் புல்லியில இருக்கிற வெட்டு கவர்ல இருக்கிற சைபருக்கு நேரா, கேம் புல்லியோட ஓட்டை பேரிங் மூடியில இருக்கிற குறிக்கு நேரா வெச்சுப் பெல்ட்டை மாட்டினோம். "எடுத்த எடுப்புல சாவியத் தொடாத. ஸ்பேனர் போட்டுக் கையாலயே ரெண்டு சுத்து சுத்தி, குறி திரும்ப ஒத்து வருதான்னு பாரு"ன்னு மாமா கட்டளை. முதல் தடவை ஒரு பல்லு தள்ளி இருந்துச்சு. கழட்டி மறுபடி மாட்டினோம்.

உதிரிபாகக் கடையில டெபாசிட் கட்டி கம்ப்ரெஷன் கேஜ் இரவல் வாங்கிப் பார்த்தோம். நாலு சிலிண்டரும் 160-க்கும் 170-க்கும் நடுவுல. ஸ்பார்க் பிளக்கை மாட்டி, சாவியைத் திருகினேன். பிடிச்சுக்கிச்சு. நானும் நண்பரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம், ஆளுக்கொரு மொழியில கத்திக்கிட்டு :-)

அப்புறம் முந்தின சீனியர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெல்ட் எப்ப மாத்தினதுன்னு யாருக்கும் தெரியலை. "எனக்கு முன்னாடி இருந்தவன் மாத்தியிருப்பான்"னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. பொதுவா 60,000-லிருந்து 90,000 மைலுக்குள்ள மாத்திடணுமாம். வண்டி ஓடினது 1,87,000 மைல். யாரையும் திட்டத் தோணலை. நானும் டிசம்பர்ல அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜூனியரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். கடைக்காரர் கதை, 500 டாலரைச் செலவழிச்ச கதை, ஒரு நிமிஷம் நான் நினைச்சது உட்பட. வேண்டாம்னா மாசா மாசம் திருப்பித் தர்றேன்னேன். பானெட்டைத் திறந்து பெல்ட் கவர் மேலே ஒட்டியிருந்த வெள்ளை டேப்பையும் காட்டினேன். 'பெல்ட், வாட்டர் பம்ப், சீல். 2024 நவம்பர். 1,87,212 மைல்.' அதுக்குக் கீழே அடுத்த ஆள் எழுத இடம் விட்டிருந்தேன்.

பையன் குனிஞ்சு நிதானமாப் படிச்சான். அப்புறம் நிமிர்ந்து கேட்டான்:

"அதெல்லாம் சரிண்ணா... ஏசி ஓடுதா?"

டிஸ்கி: உங்க வண்டியோட பெல்ட் எப்ப மாத்தினதுன்னு தெரியாதா? மாத்தலைன்னே வெச்சுக்கோங்க.