புளி அடங்கிய பிறகு பால்

என் மனைவி போன மூன்றாம் மாதம் பின்கட்டு மரம் காய்த்துக் கொட்டியது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு மதிலோரம் நிற்கும் அம்பரலங்காய் மரம் அது. மலாய்க்காரர்கள் கெடொண்டோங் என்பார்கள். நீண்ட காம்பில் பத்துப் பன்னிரண்டாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் காய், பழுக்கும் முன்பே பச்சையாக, கல்லுப் போல விழும். விழுந்த இடத்தில் கிடந்துதான் பொன்னிறமாகும். காலையில் கதவைத் திறந்தால் சிமெண்டுத் தரை முழுக்கக் காய். ஒரு பேசின் நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். எரு வைத்தது, காற்றில் முறியும் கிளைகளைக் கழித்தது, வந்தவர்களிடமெல்லாம் அதன் கதையைச் சொன்னது நான்தான். சமைத்தது அவள். ‘இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோவன்’ என்று அவள் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வந்ததில்லை. அந்தப் பேசின் காய் அழுகியது. ஐந்தாம் நாள் மரத்தடியிலேயே குழி வெட்டிப் புதைத்தேன். அவளை வழியனுப்பிய நாளில் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

மரத்தின் கதை இதுதான். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் ரயில்வே கணக்குக்கும் குமாஸ்தா வேலைக்கும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கப்பலேறி வந்தார்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறினார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அப்பாச்சி முந்தானையில் விதையை முடிந்துகொண்டு வந்து ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னால் ஊன்றினாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1978இல் அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸை ஒப்படைத்தபோது, கைத்தடிமன் கிளை ஒன்றை நான் வெட்டி வந்து கிள்ளானில் நட்டேன். இந்த இனத்தில் முற்றிய கிளையை ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். நான்காம் வருடம் காய்த்தது.

அந்த விதைக் கதையை நான் பெருமையோடு சொல்லித் திரிந்தேன். இப்போது அதை அவ்வளவு நம்புவதில்லை. அம்பரலங்காய் பசிபிக் தீவுப் பக்கத்து மரம். மாவுக்கும் முந்திரிக்கும் உறவு. மலாய் மண்ணில் அது என்றைக்கோ ஊன்றிவிட்டது. ஜாவாவில் அதன் புளிப்புக் கொழுந்தை உப்புக் கருவாட்டோடு சேர்த்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் விதைக்குப் பஞ்சமா இருந்திருக்கும்? அப்பாச்சி அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடமே வாங்கி நட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தது அந்தக் காயில் வைக்கும் கறிதான். அது அப்பாச்சியின் கையில் வந்தது, அம்மாவின் கைக்குப் போனது, அம்மாவிடமிருந்து என் மனைவியின் கைக்கு வந்தது. மூன்று பெண்கள் சுமந்து வந்ததை விட்டுவிட்டு நான் மரத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

மகள் இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்ட்ஷயரில் வேலையாயிருந்த காலத்தில் ஒரு பாட்டில் ஜெல்லி அனுப்பினாள். சிவந்த, கண்ணாடி போன்ற ஜெல்லி. அங்கே காட்டு ஆப்பிள் என்றொரு சிறிய காய் உண்டாம், கடித்தால் நாக்கு சுருண்டுவிடுமாம். ஆனால் அதில் பெக்டின் நிறைய. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் தானாகவே உறையும். இனிப்பு ஆப்பிளோடு கலந்து பிழிந்தால் சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்குப் புளிப்பும் துவர்ப்பும் கொடுக்கும். ஜான் டௌனி என்ற காட்டு ஆப்பிள் வகை 1875இல் உருவானது. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரம் போல வராது. நூற்றைம்பது வருடமாக ஒரு கை மாற்றி ஒரு கை ஒட்டுக் கட்டித்தான் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். ‘இங்க மரம் இருக்கிற வீட்டிலெல்லாம் ஜெல்லி காய்ச்சுற சட்டியும் இருக்குது அப்பா’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அப்போது படித்துவிட்டு மடித்து வைத்தேன். பேசினைப் புதைத்த இரவில் மறுபடி எடுத்துப் படித்தேன்.

சைடர் போலப் புளிக்க வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சுச் சாராயமும் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தன என்று பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எனக்குச் சாறு போதும்: பச்சைக் காயைத் தோலோடு அரைத்து, வடிகட்டி, ‘அசாம் போய்’ என்கிற உப்பிட்டு உலர்த்திய பிளம் ஒன்றைப் போட்டு, ஐஸோடு. அதற்குச் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் விற்கும் குட்டை மரத்தின் சின்னக் காயே நல்லது. 1930இல் தொழுநோயாளிகளுக்காக அமைத்த குடியிருப்பில், குணமான பிறகும் போக இடமில்லாதவர்கள் வளர்த்தெடுத்த பண்ணைகள் அவை. அங்கே ஒரு செடி வாங்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஆனால் கறிக்குச் சதைப்பற்றுள்ள பெரிய காய் வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த காய்ப்பில் ஒரு பை காயோடு கொமியூட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். 2001இல் திறந்த அந்த நிலையம், பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. அப்பா வேலை முடிந்து வெயிலில் நடந்து வந்த இடத்தில் நான் குளிர்சாதனத்தில் நடந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் மச்சாளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் தங்கை அவள். பையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

‘சமைச்சுத் தரட்டே அத்தான்?’

‘இல்லை. எனக்குப் பழக்கிவிடு.’

எழுபத்தொரு வயதில் நான் முதன்முதலாகக் கத்தியைச் சரியாகப் பிடித்தேன். காய் முற்றினால் கொட்டையிலிருந்து முள் போன்ற நார் சதைக்குள் கிளம்பிவிடும், பல்லில் குத்தும். கத்தி தடையில்லாமல் இறங்குகிற பருவத்தில் பறிக்க வேண்டும் என்பதையே அன்றுதான் கற்றேன். மரத்தடியிலேயே நின்றவனுக்கு அது தெரியாது! தோல் சீவி, கொட்டை வரை கீறி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தோம். வெங்காயம், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, கறுவாப்பட்டை, ரம்பை தாளித்து (இங்கே அதைப் பண்டான் என்கிறோம்) வறுத்த கறித்தூள் போட்டோம். பிறகு சர்க்கரை. நான் தேங்காய்ப்பாலை எடுத்தேன். மச்சாள் கையைப் பிடித்தாள்.

‘இப்ப விடாதையுங்கோ அத்தான். புளி முதல்லை அடங்கட்டும். இல்லாட்டித் திரிஞ்சு போகும்.’

தணலைக் குறைத்து, கொதி அடங்கக் காத்திருந்தோம். பாலை விட்டதும் எழுந்த மணத்தில் எங்கள் அடுப்படி முழுக்க அங்கே வந்து நின்றது. இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது யார் காய் கேட்டாலும் வெறும் பையாகக் கொடுப்பதில்லை. உள்ளே வந்து ஒரு சட்டி என்னோடு நின்று சமைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், வந்தார். கொழுந்தை எப்படித் தின்பது என்று அவர் எனக்குக் காட்டினார். சிலர் நேரமில்லை என்று வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் அடுப்பைப் பிடித்தான். பதினான்கு வயது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். போன் மணி அடிக்க, ஒரு கையில் அதை எடுத்துக்கொண்டு மறு கையால் கொதிக்கிற சட்டியில் பாலை முழுக்கக் கவிழ்த்துவிட்டான். கண்ணெதிரே திரிந்தது. பயந்து என்னைப் பார்த்தான். ஒரு தட்டில் சோறு போட்டு, அந்தக் கறியை அள்ளி விடச் சொன்னேன். இருவரும் சாப்பிட்டோம். பேசினில் இன்னும் காய் இருந்தது.