ரூமினேட்: மாடும் மெல்லும், மனமும் மெல்லும்

ஆங்கிலத்தில் 'ரூமினேட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அகராதியில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று, மாடு அசைபோடுவது. மற்றொன்று, மனிதன் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைப்பது. 16-ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. லத்தீனிலேயே இரண்டு பொருளும் இருந்தன. மாட்டின் முதல் இரைப்பை அறைக்கு 'ரூமென்' என்று பெயர் வந்ததும் அதே வேரில்தான்.

தமிழுக்கு இது புதிதல்ல. 'பழைய நினைவுகளை அசைபோட்டார்' என்று கதைகளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! இரண்டு மொழிக்காரர்களும் மாட்டைப் பார்த்துவிட்டு மனதை நினைத்திருக்கிறார்கள்.

மாடு மேயும்போது சரியாக மெல்லாது, அவசரமாக விழுங்கும். பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதை உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 40 முதல் 60 முறை மெல்லும். ஒரு நாளில் சுமார் 8 மணி நேரம் இதற்கே போய்விடும். நன்றாக நொறுங்கிய தீவனம் மட்டும் மூன்றாவது அறைக்கும், அங்கிருந்து உண்மையான வயிறாகிய நான்காவது அறைக்கும் போகும். மாடு அசைபோடவில்லை என்றால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று மாடு வளர்ப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்!

1989 அக்டோபர் 17 அன்று வடக்கு கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்கு 14 நாள் முன்புதான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் கேட்டு எழுதி வாங்கியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் 10-ஆம் நாளும் 7 வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி ஆராய்ந்தார். முன்பே 'ஏன் எனக்கு இப்படி' என்று மென்றுகொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. அவர்கள் முன்பு எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. ஜேனி மாரோவுடன் சேர்ந்து 1991-இல் அவர் இதை வெளியிட்டார். உளவியலில் 'ரூமினேஷன்' நோயோடு சேர்த்துப் பேசப்படும் சொல்லாக நிலைபெற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இருவரும் செய்த இன்னொரு சோதனையும் சுவையானது. ஏற்கெனவே சோர்ந்திருந்த சிலரை 8 நிமிடம் தங்களைப் பற்றியே யோசிக்கச் சொன்னார்கள். அவர்களின் சோர்வு கூடியது. வேறு சிலரை வெளி உலகப் பொருள்களை நினைக்கச் சொன்னார்கள், அவர்களுக்குக் குறைந்தது. எட்டே நிமிடம்! சோர்வில்லாதவர்களுக்கு எப்படி யோசித்தாலும் பெரிய மாற்றமில்லை. மாட்டின் உருண்டை ஒவ்வொரு சுற்றிலும் சிறிதாகிறது. இவர்களின் உருண்டையோ அதே அளவில் மேலே வந்துகொண்டே இருக்கிறது.

இனி பயன்பாடு. இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் 'ஆன்', 'ஓவர்', 'அபவுட்' மூன்றில் எதுவும் வரலாம். சட்டென்று யோசித்து முடிக்கும் காரியத்துக்கு இது பொருந்தாது. டீயா காபியா என்பதற்கு யாரும் ரூமினேட் செய்வதில்லை. சாதாரண எழுத்தில் இச்சொல் ஆழ்ந்த சிந்தனையைத்தான் குறிக்கும். மருத்துவர் எழுதினால் பொருள் வேறு.

மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான் சிக்கல். தமிழில் நினைவை அசைபோடுவது பெரும்பாலும் இனிமையான வேலை. உளவியல் கட்டுரையில் 'அசைபோடுதல்' என்று மட்டும் போட்டால், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பழைய கதையை நினைப்பதுபோலத் தோன்றும். 'ஓயாமல் உள்ளுக்குள் குமைவது' என்றால் கொஞ்சம் நெருங்கி வருகிறது.