கூட்டிவர ஆள் வேண்டாம்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

பிரியமுள்ள தோழிக்கு,

ராத்திரி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு "யாரோட போனே?" என்று கேட்டிருந்தாய். யாரோடும் இல்லை, தனியாகத்தான் போனேன். அதை வாட்ஸாப்பில் இரண்டு வரியாகத் தட்டிவிட மனசு வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

தம்பி வீடு யீஷூனில், ஊரின் வடக்கு ஓரம். நல்ல வேலையில்தான் இருக்கிறான், ஆனால் கார் கிடையாது. இங்கே கார் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்கும் உரிமையை ஏலத்தில் எடுக்கவேண்டும். 1990 முதல் இதுதான் சட்டம். அந்த உரிமை பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் விலை சமீப வருஷங்களில் பலமுறை ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. நம் காசுக்கு அறுபது லட்சத்துக்கு மேல். வண்டியின் விலை தனி. அந்தக் காகிதத்தின் காசில் நாகப்பட்டினத்தில் மாடி வீடே கட்டிவிடலாம். ஆகவே பெரிய உத்தியோகக்காரர்களும் ரயிலில் நின்றுகொண்டு வருகிறார்கள். கார் இல்லாத வீடு என்று யாரும் இளப்பமாகப் பார்ப்பதில்லை.

நேற்று சாயங்காலம் நான் செருப்பு மாட்டும்போது தம்பி கேட்டான், "எத்தனை மணிக்கு வருவே? ஸ்டேஷனுக்கு வரட்டுமா?" ஊர்ப் பழக்கம், விடவில்லை. "எதுக்குடா?" என்றேன். யோசித்துப் பார்த்தான். பதில் கிடைக்கவில்லை போல, சரி என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

தோபி காட்டில் ரயில் மாறவேண்டும். ஆமாம், நம் வண்ணார்கள் துணி துவைத்த துறையின் பெயர்தான் ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து, தமிழ்க் கடைகள் உள்ள தேக்காவுக்குப் போகிற வடகிழக்குப் பாதையில் 2003-இல் தொடங்கிய நாளிலிருந்தே ஓட்டுநர் கிடையாது, எல்லாம் தானியங்கி. முதல் பெட்டியின் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்க்கலாம். எனக்கு முன்னால் ஒரு பொடியன் இடம் பிடித்துவிட்டான். நானும் வண்டி ஓட்டவில்லை, அந்த ரயிலையும் யாரும் ஓட்டவில்லை.

தேக்காவைப் பற்றி நிறைய எழுதமாட்டேன். மல்லிகையும் கறிவேப்பிலையும் தமிழ்ப் பலகைகளும் நம்ம ஊரிலேயே இருக்கின்றன. சந்தைக் கட்டடத்தில் இஞ்சி போட்ட 'தே ஹாலியா' ஒன்று குடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பையன் "அக்கா எந்த ஊரு?" என்றான். அவன் பட்டுக்கோட்டைப் பக்கம், கட்டட வேலை. தங்கும் விடுதி தீவின் மேற்கு ஓரத்தில் துவாஸில். வாரநாளில் விடுதிக்கும் வேலையிடத்துக்கும் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்துதான் போய்வருகிறார்களாம். இங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் விடுகிற ஊர், அந்த ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியவர்களை லாரியில் ஏற்றிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனோ அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. தங்கச்சி கல்யாணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு டவுன்டவுன் பாதையில் தெலுக் ஆயருக்குப் போனேன். இந்த இடம் உனக்காகவே. தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் இறங்கினார்கள். இறங்கியவுடன் நன்றி சொல்ல அவரவர் சாமிக்கு அவரவர் இடம் கட்டிக்கொண்டார்கள். சீனர்களுக்குத் தியான் ஹொக் கெங் கோயில். நம் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களுக்கு, 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா! நம்பமாட்டாய், அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கீழே வெள்ளைக்காரன் பாணியில் தூணும் வளைவும். மேலே அடுக்கடுக்காக மினாரா. நம் நாகூர் தர்காவில் பிரதாப் சிங் ராஜா கட்டிய பெரிய மினாரா உயரத்துக்கு முன்னால் இது குழந்தை. ஆனாலும் ஜாடை அப்படியே இருக்கிறது. இப்போது அது பாரம்பரிய நிலையம். அந்த நேரத்துக்குப் பூட்டியிருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து எங்கேயோ தள்ளிவிட்டார்கள். சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள்.

தர்கா முனையில் பிரியும் பூன் தாட் தெருவில் இறங்கினால் லாவ் பா சாட். எட்டுப் பட்டையில் வார்ப்பிரும்புத் தூண்கள் நிறுத்திய பழைய சந்தை, 1894-இல் கட்டியது, இன்று சாப்பாட்டு அங்காடி. அதன் பக்கவாட்டுச் சாலையை ராத்திரியானால் வண்டிகளுக்கு அடைத்துவிட்டு, தார் ரோட்டிலேயே மேஜை போடுகிறார்கள். கரி அடுப்புகள் வரிசையாக எரிகின்றன. விசிறிய விசிறியப் புகை தெருவை மூடுகிறது. தனியாகப் போனால் சாப்பாடு வாங்கப் போகிற நேரத்தில் இடத்தை யார் பார்த்துக்கொள்வது? இங்கே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மேஜைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போ, யாரும் உட்காரமாட்டார்கள். நானும் வைத்தேன். வந்து பார்த்தால் பாக்கெட் இருந்தது, இடமும் இருந்தது. கோழி சாத்தே பத்துக் குச்சி, வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரி, பச்சை வெங்காயம். மஞ்சளும் இனிப்புமாகக் கருகிய ஓரம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போவேன். கூட என்ன குடித்தேன் என்று எழுதமாட்டேன். கரும்புச்சாறு என்று வைத்துக்கொள். வண்டி ஓட்டவேண்டியதில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

அங்கிருந்து நடை. பழைய தலைமைத் தபால் நிலையம் (இப்போது ஃபுல்லர்ட்டன் ஹோட்டல்), தண்ணீர் கக்கும் சிங்கம், பாலம் தாண்டி எஸ்பிளனேட். முள் முள்ளாய்க் கூரை வைத்த அரங்கம். ஊர்க்காரர்கள் டுரியான் என்கிறார்கள். வெளியே தண்ணீர் ஓரத்துத் திறந்த மேடையில் மலாய்ப் பாட்டுக் கச்சேரி. டிக்கெட் இல்லை, படியில் உட்கார்ந்துகொண்டேன்.

பாதி வரை எனக்குப் பாட்டே ஏறவில்லை. எழுந்து போகவேண்டிய நேரம் எப்போது வரும் என்று உள்ளுக்குள் ஒரு காது காத்துக்கொண்டே இருந்தது. நம் நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழாவை நினைத்துப்பார். சந்தனக்கூடு ஊர்வலமாக நாகையிலிருந்து ராத்திரி புறப்பட்டு நாகூர் போய்ச் சேர விடியற்காலை ஆகிவிடும். பிறந்ததிலிருந்து அதே ஊர். ஒரு வருஷமாவது கடைசிவரை பார்த்தோமா? உங்கண்ணன் கொட்டாவி விட்டால் நமக்குத் திருவிழா முடிந்தது. அவர் மேலும் குற்றமில்லை. காலையில் கடை திறக்கவேண்டும், நம் இரண்டு பேரையும் பைக்கில் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விடவேண்டும். கூட்டிப்போகிறவருக்குத் தூக்கம் வருகிற நேரம்தான் நமக்கு ராத்திரி. நேற்று அப்படி யாரும் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்து, மேளக்காரர் மேளத்தை உறையில் போடுகிற வரை இருந்தேன்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி. நேரத்தைப் பலகையில் போட்டுவிடுகிறார்கள், அதனால் ஓடவில்லை. சிட்டி ஹாலில் ஏறினால் மாறாமல் யீஷூன். கட்டணம் சுமார் இரண்டு வெள்ளி. பெட்டியில் ஹோட்டல் சீருடையோடு தூங்குகிற அம்மா, ஹெட்ஃபோன் மாட்டிய பெண்கள், தனியாக ஒரு பாட்டி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பீஷான் பக்கம் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே வந்தது. 1987-இல் முதன்முதலில் ஓடிய துண்டு இந்தப் பக்கம்தானாம்.

ஸ்டேஷனிலிருந்து வீடு வரை கூரை போட்ட நடைபாதை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், நாற்பது வருஷப் பழக்கம். வீட்டில் தம்பி தூங்கிவிட்டிருந்தான். எனக்கு அதுதான் பெரிய மரியாதையாகப் பட்டது.

கந்தூரிக்கு ஊரில் இருப்பேன். உங்கண்ணனிடம் பைக் கேட்காதே. சந்தனக்கூட்டுக்குப் பின்னாலேயே நாகூர் வரை நடப்போம், ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள்தான். கூட்டத்தோடு கூட்டம், விடிந்ததும் பஸ் பிடித்துவிடலாம். உன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுது. முட்டி வலிக்குத் தைலம் நான் வாங்கி வருகிறேன், இங்கே நன்றாகக் கிடைக்கிறது.

அன்புடன்,
உன் தோழி